கம்ப்யூட்டர் கோடு எழுத வருகிறது, யாராவது பார்த்தால் கை நின்றுவிடுகிறது. வியாழக்கிழமை இன்டர்வியூ

சோலைக்குருவி | ஞாயிறு இரவு

கோத்தகிரிக்குப் பக்கத்தில் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். எம்.சி.ஏ. முடித்துவிட்டுக் கோவை சரவணம்பட்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஜாவா, அதன் மேல் ஸ்பிரிங் பூட் ஃப்ரேம்வொர்க், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். மார்ச்சில் எங்கள் டீமையே கலைத்துவிட்டார்கள். சம்பளம் இல்லாமல் ஹாஸ்டல் வாடகை கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்க வழியில்லை, மேலே வந்துவிட்டேன். எட்டு மாதம் ஆகிறது.

ஆகஸ்டிலிருந்து நான்கு இன்டர்வியூ. நான்கும் போச்சு. எப்படிப் போச்சு என்று சொல்கிறேன், எங்கே தப்பு என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

முதலாவது வெறும் ஆன்லைன் டெஸ்ட். 70 நிமிடம், கோடு எழுதிப் போட வேண்டிய இரண்டு கணக்கு, கேமரா ஆனில் இருக்க வேண்டும். எங்கள் லைனில் தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டில் மட்டும்தான் சிக்னல் நிற்கும். அன்றைக்குத் தூறல் வேறு. மடியில் லேப்டாப்போடு நான், பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு தம்பி. கேமராவில் இன்னொரு ஆள் தெரிகிறார் என்று எச்சரிக்கை வந்தது. தம்பி குடையோடு குனிந்தான். மறுபடியும் எச்சரிக்கை. உட்கார்ந்தே விட்டான். மூன்றாவது எச்சரிக்கையோடு டெஸ்ட் மூடிக்கொண்டது. (சிரித்துக்கொள்ளுங்கள், நானும் இப்போது சிரிக்கிறேன்.)

இரண்டாவதில், ஒரு சொல்லில் ஒரே ஒரு தடவை மட்டும் வரும் முதல் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார் இன்டர்வியூ எடுத்தவர். எல்லா எழுத்தையும் ஹேஷ்மேப்பில் (எந்த எழுத்து எத்தனை தடவை என்ற அட்டவணை) எண்ணி வைத்துக்கொண்டு, சொல்லை இன்னொரு முறை ஓட்டினால் வேலை முடிந்தது. இதை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அவர் என் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு வந்ததும் ஃபார் லூப்புக்குள் இன்னொரு ஃபார் லூப் போட்டுவிட்டேன். "இதைவிட வேகமாகச் செய்ய முடியுமா?" என்றார். ஆறேழு நிமிடம் நான் வாயே திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஓடுவது பெங்களூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

மூன்றாவதில் எஸ்க்யூஎல், டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி. ஒவ்வொரு துறையிலும் இரண்டாவது அதிகச் சம்பளம் யாருக்கு? லிமிட், ஆஃப்செட் போட்டு எழுதிக் கொடுத்தேன். அது மொத்தக் கம்பெனிக்கும் சேர்த்து ஒரே ஒரு வரிதான் தரும் என்பது, போன் அழைப்பு முடிந்து டீ போடும்போதுதான் உறைத்தது.

நான்காவதுதான் இன்னும் மனதில் கிடக்கிறது. கோடிங் தாண்டிவிட்டேன், இரண்டாவது ரவுண்டில் மேனேஜர். கடைசி ப்ராஜெக்ட் பற்றிக் கேட்டார். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பீஸ் ரேட் கூலி போடும் சாஃப்ட்வேர் அது. நாங்கள் இதைச் செய்தோம், நாங்கள் அதைச் செய்தோம் என்று சொல்லிக்கொண்டு போனேன். "சரி, இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் "நாங்கள்" என்றே ஆரம்பித்தேன். கடைசியில் பக் ஃபிக்ஸ்தான் சார் அதிகம் என்று முடித்துக்கொண்டேன். உண்மையும் அதுதான். ஒரே வேலைக்குக் கூலி கணக்கில் இரண்டு தடவை ஏறிக்கொண்டிருந்ததை ஒருமுறை கண்டுபிடித்தேன், அதையெல்லாம் போய் எப்படிப் பெரிதாகச் சொல்வது?

வரும் வியாழன் காலை 11 மணிக்கு இன்னொரு கம்பெனி. ஆன்லைன்தான், ஒரே நாளில் இரண்டு ரவுண்ட். வீட்டிலிருந்தே கொடுக்கவா, கோவைக்கு இறங்கிவிடவா? எட்டு மாதம் சும்மா இருந்ததை என்னவென்று சொல்வது? அப்புறம், கோத்தகிரி என்று சொன்னதுமே "ஆஹா, கொடுத்து வைத்தவர்! வர்க்கி, சாக்லேட், குளிர்..." என்று ஐந்து நிமிடம் போய்விடுகிறது. இனிமேல் கோவை என்றே சொல்லிவிடலாமா?

கேத்திக்காரன் | ஞாயிறு இரவு

தொட்டிப் படிக்கட்டு வேண்டவே வேண்டாம்மா. கோவைக்கும் இறங்காதீர்கள். நவம்பர் மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மரம் சாய்ந்தால் போதும், பஸ்ஸிலேயே 11 மணி ஆகிவிடும். 2009 நவம்பரை எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் மறக்கவில்லை, மழை என்றால் எனக்கு இன்னமும் ஒரு பயம். அப்படியே இறங்குவதாக இருந்தால் புதன் பகலிலேயே இறங்கிவிட வேண்டும்.

என் யோசனை, கோத்தகிரி டவுனில் ஃபைபர் லைன் இருக்கும் கடை எதாவது பாருங்கள். ஜெராக்ஸ் கடை, டிராவல்ஸ், எதுவானாலும் சரி. அரை நாளுக்கு மாடியையோ பின்னறையையோ கேட்டால் கொடுப்பார்கள். நான் இரண்டு வருடம் முன்பு அப்படித்தான் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து கொடுத்தேன், பக்கத்து அறையில் டக்டக்கென்று ஏ எஸ் டி எஃப் ஓடிக்கொண்டிருந்தது. போனில் ஹாட்ஸ்பாட்டை முன்கூட்டியே லேப்டாப்போடு ஒருமுறை இணைத்து வையுங்கள், கரண்ட் போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும். கடை லைன் ஒரு கம்பெனி என்றால் போன் சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும். எச்.ஆருக்கு முதல் நாளே "மலைப்பகுதி, இணைப்பு துண்டித்தால் இந்த எண்ணில் அழையுங்கள்" என்று ஒரு மெயில். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

குன்னூர் மாமா | திங்கள் காலை

எதற்கம்மா இந்தப் பாடு? வயது இருக்கிறது, டி.என்.பி.எஸ்.சி. எழுதலாமே.

சோலைக்குருவி | திங்கள் காலை

மாமா, நீங்கள் எங்கள் அம்மாவின் இன்னொரு அக்கவுன்ட் இல்லையே?

அரவங்காட்டான் | திங்கள் மதியம்

தங்கச்சி, நான் பிறந்தது அரவங்காடு ஃபேக்டரி குவார்ட்டர்ஸில். பதினொரு வருடமாகப் பெங்களூரில். வாரத்துக்கு இரண்டு மூன்று பேரையாவது இன்டர்வியூ எடுக்கிறேன். மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

இன்டர்வியூ முடிந்ததும் நான் ஒரு ஃபார்ம் நிரப்ப வேண்டும். கேள்வியைப் புரிந்துகொண்டாரா, எப்படி யோசித்தார், கோடு ஓடியதா, தானே சோதித்துப் பார்த்தாரா. ஒவ்வொன்றுக்கும் என்ன பார்த்தேன், என்ன கேட்டேன் என்று எழுத வேண்டும். நீங்கள் ஏழு நிமிடம் பேசாமல் இருந்தால் அந்தப் பெட்டியில் எழுத என்னிடம் எதுவும் இல்லை. உள்ளே ஹேஷ்மேப் ஓடிக்கொண்டிருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும்? முதலில் லூப்புக்குள் லூப் போட்டது குற்றமே இல்லை. "முதலில் எளிதானதை எழுதுகிறேன், எழுத்து கூடினால் இது மெதுவாகும், பிறகு மாற்றுகிறேன்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த ரவுண்டில் பாதி தாண்டியிருப்பீர்கள்.

கை நிற்பதற்கு மருந்து ஒன்றுதான். இன்றைக்கே போனில் ரெக்கார்டை ஆன் செய்துவிட்டு ஒரு கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். முதலில் தமிழிலேயே சொல்லுங்கள், ஒன்றும் குறையாது. பிறகு கேளுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். நான் முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன், இருபது நிமிடத்தில் நாற்பது தடவை "ஆக்சுவலி" சொல்லியிருந்தேன். ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு வீதம் மூன்று நாள் போதும். லீட்கோட் பயிற்சித் தளத்தில் இனிமேல் புதிதாக எதையும் தொடாதீர்கள், ஏற்கெனவே போட்டதையே பேசிப் பேசிப் போடுங்கள்.

"நாங்கள்" விஷயம். நம் ஊரில் நான் நான் என்று பேசினால் திமிர் என்பார்கள், அதனால் வருகிற பழக்கம் அது. ஆனால் எதிரில் இருப்பவருக்கு நீங்கள் கூட்டத்தில் ஒளிந்துகொள்வது போலத்தான் தெரியும். டீம் செய்ததை டீம் என்று சொல்லுங்கள், உங்கள் கை பட்டதை நான் என்று சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. கூலி இரண்டு தடவை ஏறியது என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே, அது என்ன? முழுசாக எழுதுங்கள். உங்கள் பதிவிலேயே எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றிய இடம் அது ஒன்றுதான்.

எட்டு மாதத்துக்கு ஒரு வரி போதும். டீமை மூடினார்கள், ஊருக்கு வந்தேன், இதைப் படிக்கிறேன். நிறுத்திவிடுங்கள், நீட்டினால்தான் சந்தேகம் வரும். மற்றவர்கள் 90 நாள் நோட்டீஸ் என்று இழுக்கும் இடத்தில் நீங்கள் நாளைக்கே சேரலாம், அது சின்ன விஷயம் இல்லை. கோத்தகிரியை மறைக்க வேண்டாம். அந்த ஐந்து நிமிடம் நீங்கள் நிதானமாக மூச்சு விட்டுக்கொள்ளத்தான்.

பந்தலூர் மழை | திங்கள் இரவு

அக்கா, எனக்கு 24 வயது, இந்த வருடம்தான் வேலை கிடைத்தது. ஒன்பதாவது இன்டர்வியூ. அந்தச் சம்பளக் கேள்வி எனக்கும் வந்தது. ஒரே சம்பளத்துக்கு ஒரே ரேங்க் தரும் டென்ஸ் ரேங்க் போட வேண்டும், ஓவர் என்பதற்குள் துறைவாரியாகப் பார்ட்டிஷன், சம்பளத்தை இறங்கு வரிசையில், வெளியே ரேங்க் 2. வரிக்கு வரி எண் போடும் ரோ நம்பர் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். முதல் இடத்தில் இரண்டு பேருக்கு ஒரே சம்பளம் இருந்தால், அவர்களில் ஒருவரை இரண்டாவது என்று காட்டிவிடும். நான் ரோ நம்பர் போட்டேன், "ஒரே சம்பளம் இருந்தால்?" என்று கேட்டார்கள், அழுகையே வந்துவிட்டது.

அரவங்காடு அண்ணா சொன்னதில் ஒன்று மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேசு பேசு என்கிறார், சரி. சிலர் நாம் பேச ஆரம்பித்தால் எரிச்சல்படுகிறார்கள், ஒருவர் என்னிடம் "எழுதிவிட்டுப் பேசுங்கள்" என்றே சொன்னார். ஆரம்பத்திலேயே "நான் சொல்லிக்கொண்டே எழுதலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இங்கே படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து. கன்சல்டன்சி என்று சொல்லிப் பதிவுக் கட்டணம், டிரெயினிங் கட்டணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். அப்பா கடன் வாங்கிக் கொடுத்த 5,000 ரூபாயை நான் அப்படித்தான் தொலைத்தேன். வேலை கொடுக்கிற எவரும் நம்மிடம் பணம் வாங்குவதில்லை.

சோலைக்குருவி | செவ்வாய் இரவு

அரவங்காடு அண்ணா, கேட்டதால் சொல்கிறேன்.

எங்கள் அம்மா கொழுந்து பறிக்கிறவர். ஒரு நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எடை போடுவார்கள், அம்மா வீட்டுக்கு வந்து சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதுவேன். மூன்றாவது படிக்கும்போதே ஆரம்பித்தது. சந்தேகத்தால் இல்லை, பாட்டி காலத்துப் பழக்கம். பாட்டி சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர், எதையும் எழுதி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அந்த நோட்டில் வருடக்கணக்காகப் பார்த்ததில் ஒன்று தெரியும். அடுத்தடுத்த இரண்டு எடை கிராம் வரைக்கும் ஒன்றாக இருக்கவே இருக்காது.

திருப்பூர் சாஃப்ட்வேரில் மாதக் கடைசியில் ரிப்போர்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டெய்லர் பெயரில் 412 பீஸ், அதற்குக் கீழேயே மறுபடியும் 412 பீஸ். அம்மா நோட்டு ஞாபகம் வந்தது. நேரத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் நான்கு செகண்ட் வித்தியாசம். தேடிப் போனதில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். கம்பெனியில் நெட் மெதுவானால் சூப்பர்வைசர் 'சேவ்' பட்டனை இரண்டு தடவை அழுத்துகிறார், இரண்டுமே பதிவாகிறது. பட்டனை ஒருமுறை அழுத்தியதும் முடக்கினால் போதும் என்றார்கள் டீமில். அது போதாது, ரிக்வெஸ்ட் நடுவழியில் இன்னொரு தடவை அனுப்பப்பட்டாலும் இதேதான் நடக்கும் என்று எனக்குத் தோன்றியது. தொழிலாளி, பண்டில் நம்பர், ஆபரேஷன் மூன்றும் சேர்த்து டேபிளில் யூனிக் கீ போட்டேன், அதே மூன்றும் இரண்டாவது தடவை ஏறாது. ஏற்கெனவே இரட்டையாக இருந்ததை எல்லாம் சுத்தம் செய்தால்தான் அந்தக் கீ ஏறும், அதற்கு மூன்று நாள் பிடித்தது.

இவ்வளவுதான்.

அரவங்காட்டான் | செவ்வாய் இரவு

"இவ்வளவுதான்" என்ற கடைசிச் சொல்லை மட்டும் வெட்டிவிட்டு, மிச்சத்தை அப்படியே வியாழக்கிழமை சொல்லுங்கள். அம்மா நோட்டு உட்பட.

சோலைக்குருவி | சனி மாலை

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடி. கடைக்கார அண்ணன் 300 ரூபாய் வாங்கிக்கொண்டார், 11 மணிக்கு டீயும் அனுப்பினார். முதல் ரவுண்டில் பந்தலூர் தங்கச்சி சொன்னபடி, சொல்லிக்கொண்டே எழுதலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை, நன்றாகவே போனது.

இரண்டாவதில் ஒரு மேடம். கோத்தகிரி என்றதும் வழக்கம்போல ஆரம்பித்தது, சின்ன வயதில் டாய் ட்ரெயினில் போனாராம். பிறகு, "ரயில் டிக்கெட் புக்கிங் கேள்வி வைத்திருந்தேன், உங்களுக்காக அதை ஊட்டி ரயிலாகவே வைத்துக்கொள்வோம்" என்றார். கோடு எழுதுவதற்கு முன்னால் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள் என்றார். நான் யோசிக்காமல் முதலில் கேட்டது, "மண்சரிவு வந்தால்?" அவருக்குப் புரியவில்லை. மழைக்காலத்தில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தில் மண் விழுந்தால் மேட்டுப்பாளையம் வண்டியை ரத்து செய்வார்கள், ஆனால் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே ஓடும், அப்படியானால் டிக்கெட்டை முழுப் பயணமாக வைத்தால் ரத்து செய்வது சிக்கல், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் துண்டு துண்டாக வைக்க வேண்டும் என்றேன். சிரித்துவிட்டு எழுதச் சொன்னார்.

மேட்டுப்பாளையம், குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி என்று ஏழு ஸ்டேஷன் மட்டும் எடுத்து வரிசை எண் கொடுத்தேன் (அண்ணன்மார் இருவருடைய ஊரும் வந்துவிட்டது). ஒரே சீட்டில் இரண்டு பயணம் மோதுகிறதா என்று பார்க்கும் இடத்தில் சின்ன எண்ணா, சமமா என்று ஒப்பிட வேண்டும். சமக்குறியும் சேர்த்துப் போட்டுவிட்டேன். வாய்விட்டுச் சோதித்தேன். ஒருவர் குன்னூரில் இறங்குகிறார், அதே சீட்டில் இன்னொருவர் குன்னூரில் ஏறுகிறார், அது மோதல் இல்லையே! நானே சமக்குறியை எடுத்தேன். பேசாமல் எழுதியிருந்தால் அது அப்படியே இருந்திருக்கும்.

அப்போது கரண்ட் போனது. திரை ஒரு நிமிடம் உறைந்து, ஹாட்ஸ்பாட் பிடித்துக்கொண்டது. கேத்தி அண்ணா, வர்க்கி ஒரு பாக்கெட் உங்களுக்குக் கடன்.

கடைசியில், ஒரே சீட்டை இரண்டு பேர் ஒரே செகண்டில் அழுத்தினால் என்றார். சீட், தேதி, துண்டு மூன்றுக்கும் சேர்த்து யூனிக் கீ, ஒரு பயணத்தின் எல்லாத் துண்டும் ஒரே டிரான்சாக்‌ஷனில், ஒன்று முட்டினால் எல்லாமே ரத்தாகும் என்றேன். "இதை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டார். 412 பீஸ் கதையைச் சொன்னேன். "நான்" என்றே சொன்னேன் அண்ணா, நாக்கு கொஞ்சம் கூசியது. நோட்டில் என்ன எழுதுவீர்கள், எடைச் சீட்டு எப்படி இருக்கும் என்றெல்லாம் கேட்டார், நேரம் முடிந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது.

ஒன்று சொதப்பினேன். ஸ்பிரிங்கில் ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றை அழைத்தால் அதன் மேல் போட்ட, 'எல்லாம் நடக்கட்டும், இல்லையென்றால் எல்லாம் ரத்து' என்று சொல்லும் குறியான டிரான்சாக்‌ஷனல் வேலை செய்யுமா என்று கேட்டார். செய்யும் என்றேன். செய்யாது. அழைப்பு, ஸ்பிரிங் நடுவில் வைக்கும் ப்ராக்ஸி வழியாகப் போகாமல் நேராகப் போய்விடும். வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நேற்று எச்.ஆர். அழைத்தார். திங்கட்கிழமை டைரக்டரோடு கடைசி ரவுண்டாம். தம்பி குடையோடு வரட்டுமா என்கிறான்.

அரவங்காட்டான் | சனி இரவு

பிரமாதம். அந்த டிரான்சாக்‌ஷனல் கேள்வியைத் திங்கட்கிழமை நீங்களாகவே எடுங்கள். அன்றைக்குத் தப்பாகச் சொன்னேன், ஓட்டிப் பார்த்தேன், இதுதான் காரணம் என்று. சம்பளம் கேட்டால் பழைய சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், "இந்த வேலைக்கு நீங்கள் ஒதுக்கியது எவ்வளவு" என்று திருப்பிக் கேளுங்கள். தம்பி கடைக்குக் கீழேயே நிற்கட்டும்.

குன்னூர் மாமா | ஞாயிறு காலை

நல்லதம்மா. அது இருக்கட்டும், மேட்டுப்பாளையம் ரயில் இப்போது ஓடுகிறதா? விருந்தாளிகள் வருகிறார்கள்.